படியும் கிலோவும்

பெங்களூர்க் காக்ஸ் டவுனில் வாழும் தமிழ் இல்லங்களில் நாள்தோறும் ஒரு சிறு கணக்கு நடைபெறுகிறது. நடத்துகிறவர்கள் அதைக் கணக்கென்று எண்ணுவதில்லை. சந்தையிலிருந்து அரிசி கிலோக் கணக்கில் வருகிறது. வீட்டுப் படியைத் தாண்டியவுடன் கிலோ மறைந்துவிடுகிறது. அரிசிப் பானைக்குள் கிடப்பது தராசு அன்று, ஓர் ஆழாக்கு. "நாலு பேருக்கு இரண்டு ஆழாக்குப் போதும்" என்று மூத்தவர் சொல்ல, இளையவர் அளந்து போடுகிறார். அடுத்த வீட்டுக் கன்னட அம்மையாரும் அவ்வாறே கிலோவில் வாங்கிப் 'பாவு' என்னும் சிறு அளவையால் அளந்து உலை வைக்கிறார். வாங்குவது நிறுத்து, சமைப்பது முகந்து. இந்த இரண்டுக்கும் நடுவே ஓர் எண் நிற்கிறது. அந்த எண்ணின் வரலாற்றையே இன்று நேயர்களுடன் பேச விரும்புகிறேன்.

காக்ஸ் டவுன் என்ற பெயர், இங்கே ஆட்சியராயிருந்த ஏ. ஆர். காக்ஸ் என்னும் ஆங்கில அதிகாரியின் பெயர். 1809-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் அல்சூரை அடுத்துப் படை முகாம் அமைத்தனர். கன்னடத்தில் அதைத் தண்டு என்றார்கள். 1834-இல் சென்னைச் சாப்பர் படையும் இவ்விடம் வந்து தங்கியது. படையோடு ஆர்க்காட்டுப் பகுதியிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் வணிகர், கொத்தர், தச்சர், சமையற்காரர், பணியாளர் எனப் பலர் வந்தனர். 1898-இல் பரவிய பிளேக் நோய்க்குப் பின்னர், பழைய தெருக்களின் நெரிசலைக் குறைக்கும்பொருட்டு பிரேசர் டவுன், ரிச்சர்ட்ஸ் டவுன், குக் டவுன் எனப் புதிய குடியிருப்புகள் எழுந்தன. அவ்வரிசையைச் சேர்ந்ததே காக்ஸ் டவுனும். 1881-இல் மைசூர் அரசு உடையார் வமிசத்திற்குத் திருப்பி அளிக்கப்பட்ட போதும், இப்பகுதி ஆங்கில ஆட்சியிலேயே நின்றது. 1947 ஜூலை 26-ஆம் நாள்தான் மைசூரின் கைக்கு மீண்டது.

இந்த வரலாற்றை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரே நகரம், இரண்டு ஆட்சி, மூன்று நான்கு மொழி. வந்தவர் ஒவ்வொருவரும் தம் ஊர் அளவையைத் தம் நினைவில் கொண்டுவந்தனர். தமிழர்க்கு ஆழாக்கு, உழக்கு, உரி, படி, மரக்கால், கலம். கன்னடியர்க்குப் பாவு, சேர், கொளகம், கண்டுகம். அதிலும் சேர் என்னும் சொல் ஒரு விந்தையான சொல். அஃது ஓர் எடையின் பெயர். ஒரு முகத்தல் அளவையின் பெயரும் அதுவே. சேர் என்று சொன்னவுடன், "நிறுத்தா, அளந்தா?" என்று திருப்பிக் கேட்காமல் விலை பேச இயலாது.

தமிழில் இவ்விரண்டையும் பிரித்தே வழங்கினர். தொல்காப்பியர் எழுத்துப் புணர்ச்சியைச் சொல்ல வந்த இடத்திலேயே, அளவுப் பெயர்க்கும் நிறைப் பெயர்க்கும் முதலாய் வரும் எழுத்துகள் ஒன்பது என்று வகுக்கிறார். அளவு வேறு, நிறை வேறு என்ற தெளிவு அக்காலத்திலேயே இலக்கணத்துள் புகுந்துவிட்டது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இத்தெளிவு இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. இராசராச சோழன் கோயிலுக்கு அளித்த பொன்னை 'ஆடவல்லான்' என்னும் பெயருடைய கல்லால் நிறுத்தனர். நெல்லை 'ஆடவல்லான்' என்னும் பெயருடைய மரக்காலால் அளந்தனர். இறைவன் பெயர் ஒன்று. கல் வேறு, மரக்கால் வேறு. பொன்னை அளக்க எவரும் மரக்காலை எடுத்ததில்லை. நெல்லுக்குக் கல்லைத் தேடியதுமில்லை.

ஆனால் வாழ்க்கை இவ்வாறு இரண்டு அறைகளாகப் பிரிந்து நிற்பதில்லை. அளந்து வாங்கியதை நிறுத்து விற்கவும், நிறுத்து வாங்கியதை அளந்து விற்கவும் வணிகனுக்கு நேர்கிறது. அப்போது அளவையும் எடையும் ஒன்றையொன்று சந்தித்தாக வேண்டும். அந்தச் சந்திப்புக்கு நடுவராய் நிற்பதுதான் அடர்த்தி.

அடர்த்தி என்பது கடினமான கருத்தன்று. ஒரு பொருள் ஒரு லிட்டர் இடத்தை நிரப்பும்போது எத்தனை கிலோ இருக்கிறது என்பதே அதன் அடர்த்தி. நீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ. ஆகவே அதன் அடர்த்தி 1. கடலை எண்ணெய் ஒரு லிட்டர் ஏறத்தாழ 910 கிராம், ஆகவே 0.91. பால் சிறிது கனமானது, 1.03. நிறை தெரிந்து கன அளவு வேண்டுமாயின், நிறையை அடர்த்தியால் வகுக்க வேண்டும். கன அளவு தெரிந்து நிறை வேண்டுமாயின், அடர்த்தியால் பெருக்க வேண்டும். பாடம் இவ்வளவே. ஆர்க்கிமிடீஸ் குளியல் தொட்டியிலிருந்து எழுந்தோடிய கதையை எல்லாரும் பள்ளியில் கேட்டிருப்பீர்கள். அதை விடுத்து, நம் மரக்காலையே எடுத்துக்கொள்வோம். அதனுள்ளும் அதே அறிவு இருக்கிறது.

1821-ஆம் ஆண்டில் லண்டன் நகரில் பாட்ரிக் கெல்லி என்பவர் உலக நாடுகளின் நாணயங்களையும் அளவைகளையும் தொகுத்து, வணிகர்க்கான தம் பெருநூலை இரண்டாம் பதிப்பாக வெளியிட்டார். அதில் சென்னைப்பட்டணத்து அளவைகளும் இடம்பெற்றன. எட்டு ஆழாக்கு ஒரு படி. எட்டுப் படி ஒரு மரக்கால். ஐந்து மரக்கால் ஒரு பறை. நானூறு மரக்கால் ஒரு கரிசை. மரக்கால் 750 கன அங்குலம் கொள்ள வேண்டும் என்று கூறுவதோடு நூல் நிற்கவில்லை. அதில் நல்ல நீரை நிரப்பினால் 27 பவுண்டு 2 அவுன்சு 2 டிராம் நிற்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்கிறது.

இந்தச் சிறு குறிப்பைச் சற்று நின்று நோக்குவது தகும். மரத்தாலோ இரும்பாலோ ஆன ஒரு மரக்காலின் உட்பரப்பை அளவுகோல் கொண்டு அளப்பது எளிதன்று. அடி குழிந்திருக்கும், விளிம்பு தேய்ந்திருக்கும், பக்கங்கள் சற்றே வளைந்திருக்கும். ஆனால் நீர் எந்த மூலையையும் விட்டுவைக்காது. நீரை நிரப்பி நிறுத்துவிட்டால் மரக்காலின் உள்ளளவு தானே வெளிப்பட்டுவிடும். இன்றைய அளவையில் மாற்றிப் பார்த்தால், 750 கன அங்குலம் ஏறத்தாழ 12.29 லிட்டர், 27 பவுண்டு 2 அவுன்சு 2 டிராம் ஏறத்தாழ 12.31 கிலோ. இருநூறு ஆண்டுகளுக்கு முன் குறித்த இரு எண்களும் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குக்குள் ஒத்து நிற்கின்றன. குறித்தவர்கள் கவனமாகவே வேலை செய்திருக்கிறார்கள்.

அதே நூலில் இன்னொரு எண் உண்டு. நம் பேச்சுக்கு அதுவே மிக முக்கியமானது. தானியத்தை எடைக்கு விற்கும்போது ஒரு கரிசைக்கு 9,256½ பவுண்டு என்று கொள்ள வேண்டும் என்பதே அது. கப்பலேற்றும் வணிகனுக்கு எடை வேண்டும். ஏனெனில் கப்பல் தாங்குவது எடையை. களத்திலும் கடையிலும் இருப்பதோ மரக்கால். ஆகவே இரு தரப்பாரும் ஒப்புக்கொண்ட ஒரு மாற்று எண் தேவைப்பட்டது. அதை நாம் பிரித்துப் பார்க்கலாம். நானூறு மரக்கால் 4,916 லிட்டர். 9,256½ பவுண்டு ஏறத்தாழ 4,199 கிலோ. வகுத்தால் லிட்டருக்கு 0.85 கிலோ கிடைக்கிறது. உமி நீங்கிய அரிசியைத் தலை வழித்து அளந்தால் இன்றும் இந்த எண்ணை ஒட்டியே வரும். நெல்லாயின் இந்த எண் வரவே வராது. நெல் லிட்டருக்கு 0.55 முதல் 0.6 கிலோவுக்குள் அடங்கிவிடும். எனவே அந்தக் கணக்கு அரிசி போன்ற தானியத்தை நினைத்தே எழுதப்பட்டது என்று நான் கருதுகிறேன்.

நீரின் அடர்த்தி போன்றதன்று அரிசியின் அடர்த்தி. ஓர் அரிசி மணியைத் தனியே எடுத்தால் அது நீரைவிடக் கனமானது, நீரில் மூழ்கும். அதன் அடர்த்தி ஏறத்தாழ 1.4. ஆயினும் ஒரு படி அரிசி ஒரு படி நீரைவிட இலேசாக இருக்கிறது. காரணம், மணிக்கும் மணிக்கும் இடையே காற்று. படிக்குள் நாற்பது விழுக்காட்டுக்கும் மேலாகக் காற்றே இருக்கிறது. நாம் காசு கொடுத்து வாங்கும் படியில் அதுவும் ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது! இந்தக் காற்று எவ்வளவு என்பது அரிசியின் வடிவைப் பொறுத்தது. மணி சன்னமா, பருமனா, நொய் கலந்ததா என்பதைப் பொறுத்தது. அளப்பவர் கையையும் பொறுத்தது. மெதுவாகச் சொரிந்தால் குறைவாய்க் கொள்ளும். படியைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டினால் மணிகள் நெருங்கி, இன்னும் ஒரு கைப்பிடி உள்ளே இறங்கும். அவலையும் பொரியையும் அளந்தவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்த இடர்ப்பாட்டை நம் முன்னோர் அறிந்தே இருந்தனர். தென்னாட்டிலும் தக்காணத்திலும் முகத்தல் அளவையைச் சரிபார்க்க ஒரு முறை வழங்கியதாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டு அளவை நூல்களில் பதிவு இருக்கிறது. ஒன்பது வகைத் தானியங்களைச் சம எடையாக எடுத்துக் கலப்பார்கள். அந்தக் கலவையில் இத்தனை ரூபாய் எடை எந்தப் பாத்திரத்தைத் தலை வழித்து நிரப்புகிறதோ, அதுவே உண்மையான சேர் அல்லது படி. ஒரே தானியத்தைக் கொண்டால் அது அந்த ஆண்டு விளைச்சலின் குணத்திற்கு ஏற்ப மாறும். ஒன்பதைக் கலந்தால் ஒன்றின் பருமனை மற்றொன்றின் நுண்மை ஈடு செய்யும். நவதானியம் என்றவுடன் பூசையையும் கிரகங்களையும் நினைக்கிறோம். இங்கே அந்த ஒன்பது தானியம் ஓர் அளவைக் கூடத்தின் கருவியாக நின்றது. நீரை நிரப்பிய கெல்லியின் மரக்காலும், தானியக் கலவையை நிரப்பிய இந்தச் சேரும் ஒரே வினைக்கு இரண்டு விடைகள்: எடையைக் கொண்டு கன அளவை எப்படிக் கண்டுபிடிப்பது?

அடர்த்தியை மறந்தால் எத்தகைய குழப்பம் நேரும் என்பதற்கு நெல்லும் அரிசியும் நல்ல சான்று. இரண்டு படி நெல் குத்தினால் ஒரு படி அரிசி என்பது நம் ஊர்களில் பாட்டிமார் சொல்லி வந்த கணக்கு, அதாவது பாதி. அரவை ஆலைக்காரரைக் கேட்டால், நூறு கிலோ நெல்லுக்கு அறுபத்தைந்து முதல் அறுபத்தெட்டுக் கிலோ அரிசி என்பார். அதாவது மூன்றில் இரண்டு பங்கு. ஊரை விட்டு வந்து, நிலத்தைக் குத்தகைக்கு விட்டு, ஆண்டுக்கொருமுறை கணக்குப் பார்க்கப் போகும் நம்மவர் பலர் இந்த இரண்டையும் கேட்டுத் திகைப்பதுண்டு. யாரோ ஒருவர் ஏமாற்றுகிறார் என்று தோன்றும். இருவரும் உண்மையே சொல்கின்றனர். இரண்டு லிட்டர் நெல், லிட்டருக்கு 0.57 கிலோ வீதம் 1.14 கிலோ. அதில் நூற்றுக்கு அறுபத்தெட்டு அரிசியாயின் 775 கிராம். அரிசியின் அடர்த்தியை 0.8 என்று கொண்டு வகுத்தால் 0.97 லிட்டர், ஒரு லிட்டருக்கு மிக அருகில். பாட்டி அளந்தாள், ஆலைக்காரர் நிறுத்தார், நடுவே அடர்த்தி மாறிவிட்டது. உமியோடு இருந்தபோது காற்றை அணைத்துக்கொண்டு பரந்து கிடந்த நெல், உமி நீங்கியவுடன் ஒடுங்கிக்கொண்டது.

சோழர் காலக் கல்வெட்டுகளில் ஐந்து பங்கு நெல்லுக்கு இரண்டு பங்கு அரிசி என்ற விகிதம் காணப்படுகிறது. இது பாதியினும் குறைவு. கல்வெட்டில் வருவதும் முகத்தல் கணக்கே; எடைக் கணக்காக எண்ணி, "அக்காலத்து நெல் இவ்வளவு பதரா?" என்று வியப்பது பிழை. திருவமுதுக்கான அரிசியைப் பல முறை குத்தித் தீட்டியிருப்பர். நொய்யும் தவிடும் கழிந்திருக்கும். குத்தியவர் கூலியும் அதற்குள் அடங்கியிருக்கலாம். கல்வெட்டைப் படிப்பவர்கள் ஒரு கையில் அகராதியும் மறு கையில் ஒரு படி நெல்லும் வைத்துக்கொள்வது நல்லது.

இனி, அளக்கும் முறைக்கு வருவோம். தலை வழித்து அளப்பது ஒன்று. குவித்து அளப்பது மற்றொன்று. முன்னதில் ஒரு கோலால் விளிம்போடு வழித்துவிடுவர். பின்னதில் மேலே கோபுரம்போல் நிற்க விடுவர். வாய் அகன்ற படியில் கோபுரம் பெரிது. வாய் ஒடுங்கிய படியில் சிறிது. அரசாங்க முத்திரை படியின் விளிம்பு வரைதான் பொறுப்பேற்றது. விளிம்புக்கு மேலே நிற்கும் கோபுரம் கடைக்காரர்க்கும் வாங்குவோர்க்கும் இடையேயான நட்பைப் பொறுத்தது. களத்து மேட்டில் நெல் அளக்கும்போது முதல் அளவையை 'ஒன்று' என்னாமல் 'லாபம்' என்று எண்ணித் தொடங்கும் வழக்கத்தை நேயர்கள் அறிவீர்கள். அந்த லாபம் யாருக்கு என்பது, மரக்கால் யார் கையில் இருக்கிறதோ அதைப் பொறுத்தது. கூலியும் குத்தகையும் நெல்லாகவே அளக்கப்பட்ட காலத்தில், வாங்க ஒரு மரக்கால், கொடுக்க ஒரு மரக்கால் என்று இரண்டு வைத்திருந்த இல்லங்களைப் பற்றி ஊர்ப்புறங்களில் இன்றும் பேசுவர்.

உப்பின் நிலையும் இத்தகையதே. எடைக்கு வாங்கிப் படிக்கு விற்பவனுக்கு, இலேசாய்ப் பொருபொருவென்று இருக்கும் உப்பே இலாபம். படியை விரைவில் நிரப்பும். படிக்கு வாங்கி எடைக்கு விற்பவன் கனத்த கல்லுப்பைத் தேடுவான். பொருளில் கலப்படம் இல்லை, படியில் குறை இல்லை, தராசில் கோணல் இல்லை. ஆயினும் இடையில் ஒருவன் ஆதாயம் பெற்றுவிடுகிறான். சட்டம் பிடிக்க முடியாத இந்த ஆதாயம் முழுவதும் அடர்த்திக்குள் ஒளிந்திருக்கிறது.

சுதந்திர இந்தியாவில் நூற்றுக்கணக்கான அளவைகள் மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபட்டு நின்றன. 1956-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் எடைகள், அளவைகள் பற்றிய சட்டத்தை நிறைவேற்றியது. 1957 ஏப்ரலில் நயா பைசா வந்தது. 1958 அக்டோபரில் கிலோகிராம் எடைகள் படிப்படியாகப் புழக்கத்துக்கு வந்தன. 1962 ஏப்ரலோடு பழைய அளவைகள் சட்டத்தின் அங்கீகாரத்தை இழந்தன. சேர், வீசை, மணங்கு ஆகிய எடைகள் கிலோவாக மாறியது ஒப்பீட்டளவில் எளிது. எடைக்கு எடை, ஒரே பெருக்கல். தமிழ்நாட்டில் நேர்ந்தது அதனினும் ஆழமான மாற்றம். முகத்தலாயிருந்த அரிசி நிறுத்தலாயிற்று. படியை லிட்டராக மாற்றலாம், அதற்கு ஐயமில்லை. சென்னை அரசாங்கம் வகுத்த 100 கன அங்குலப் படி 1.64 லிட்டர். ஆனால் படியைக் கிலோவாக மாற்ற வேண்டுமானால், "எந்த அரிசி? தலை வழித்தா, குவித்தா?" என்ற கேள்விகள் எழுகின்றன. தலை வழித்து, 0.85 என்று கொண்டால் ஒரு படி 1.39 கிலோ. மக்கள் வழக்கிலோ ஒரு படி ஒன்றரைக் கிலோ என்று நிலைத்துவிட்டது. குவித்து அளந்த கோபுரத்தையும் சேர்த்த கணக்குப் போலும்.

இந்த நூறு கிராம் வேறுபாடு சிறியதன்று. 1967-ஆம் ஆண்டுத் தேர்தலில் திராவிட முன்னேற்றக் கழகம் ரூபாய்க்கு மூன்று படி அரிசி தருவது தன் இலட்சியம் என்று அறிவித்தது. பழைய அளவைகள் சட்டத்திலிருந்து நீங்கி ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆயினும் மக்களிடம் பேச வேண்டிய சொல் கிலோ அன்று, படி என்பதைத் தேர்தல் மேடை உணர்ந்திருந்தது. ஆட்சிக்கு வந்த பின் அவ்வாண்டிலேயே சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி என்ற திட்டம் தொடங்கியது. மூன்று படி என்பதை நான்கரைக் கிலோ என்று எழுதியவர் உண்டு. தலை வழித்த கணக்கில் அது 4.17 கிலோதான். முந்நூற்று முப்பது கிராம் என்பது ஒரு சிறு குடும்பத்தின் ஒரு வேளைச் சோறு.

இவ்விடத்தில் ஒரு செய்தியைக் கூறாமல் செல்ல மனம் வரவில்லை. லிட்டரும் கிலோவும் விஞ்ஞானத்தின் குழந்தைகள், மரக்கால் பழமையின் குழந்தை என்று நாம் எண்ணுகிறோம். பிறப்பை நோக்கினால் அவை உடன்பிறப்புகளே. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் 1795-இல் கிராம் என்பதை ஒரு கன சென்டிமீட்டர் நீரின் நிறை என்றே வகுத்தனர். பின்னர் பிளாட்டினம் உலோகத்தில் கிலோவைச் செய்துவைத்தனர். 1901-இல் முறை தலைகீழாயிற்று: ஒரு கிலோ தூய நீர் தன் உச்ச அடர்த்தியில் பிடிக்கும் இடமே லிட்டர் என்று உலக மாநாடு தீர்மானித்தது. நீரை நிரப்பி மரக்காலை நிச்சயித்த அதே வழி. ஆனால் அவ்வாறு கிடைத்த லிட்டர் ஆயிரம் கன சென்டிமீட்டருக்குப் பத்து லட்சத்தில் 28 பங்கு மிகுந்திருந்தது. அரிசிக் கடைக்கு இஃது ஒன்றுமில்லை, ஆய்வுக்கூடத்துக்குத் தலைவலி. 1964-இல் அந்த வரையறையை நீக்கி, லிட்டர் என்பது ஆயிரம் கன சென்டிமீட்டரின் மற்றொரு பெயரே என்று விட்டனர். டில்லியில் தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தில் உள்ள 57-ஆம் எண் கிலோ, நம் நாட்டின் மூல எடையாக இருந்தது. 2019 மே 20 முதல் கிலோவின் வரையறை எந்த உலோகக் கட்டியையும் சாராமல் இயற்கையின் மாறிலி ஒன்றைச் சார்ந்துவிட்டது.

படி போய்விட்டது, அடர்த்திச் சண்டை போகவில்லை. சமையல் எண்ணெய் உறையைத் திருப்பிப் பாருங்கள். ஒரு லிட்டர் என்றும், பக்கத்தில் இத்தனை கிராம் என்றும் அச்சிட்டிருக்கும். எண்ணெய் சூடேறினால் விரியும். அதே லிட்டரில் எடை குறையும். சோயா எண்ணெய் 21 டிகிரியில் லிட்டருக்கு ஏறத்தாழ 919 கிராம். 60 டிகிரியில் 893 கிராம். சில உற்பத்தியாளர்கள் 60 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் என்று உறையில் அச்சிட்டு, அந்தக் குறைந்த எடையையே அடைத்து வந்தனர். 60 டிகிரியில் எண்ணெயை வைத்திருக்கும் சமையலறை காக்ஸ் டவுனிலும் இல்லை, கடலூரிலும் இல்லை. 2022 ஆகஸ்டில் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை இதில் தலையிட்டது. வெப்பநிலையைக் குறிப்பிடாமல் கன அளவையும், அதற்கு ஏற்ற சரியான எடையையும் அச்சிட வேண்டும் என்று கூறி, 2023 ஜனவரி 15 வரை கால அவகாசம் அளித்தது. லிட்டருக்கு இருபத்தாறு கிராம். ஒரு வீட்டுக்குச் சிறிது. ஒரு நாட்டுக்கு மலை.

எடை மட்டும் நேர்மையானது என்றும் சொல்வதற்கில்லை. முகத்தலில் காற்று ஏமாற்றும். நிறுத்தலில் ஈரம் ஏமாற்றும். அரசாங்கக் கொள்முதலில் நெல்லின் ஈரப்பதத்துக்கு நூற்றுக்குப் பதினேழு என்ற வரம்பு வைத்திருப்பது அதனாலேயே. பாலுக்கோ நெடுங்காலமாக அடர்த்தியே காவல். பால்மானி என்னும் மிதக்கும் கண்ணாடிக் கருவி காட்டும் 28, 30, 32 என்ற எண்கள், பாலின் அடர்த்தி 1.028, 1.030, 1.032 என்பதன் சுருக்கமே. நீர் கலந்தால் எண் இறங்கும். பெட்ரோல் நிலையங்களில் அன்றன்றைய அடர்த்தியை எழுதி வைப்பதும் இதே காவலின் மறுவடிவம். பலர் அதைப் பார்ப்பதேயில்லை.

வீட்டு அளவில் இதன் பயனைச் சொல்கிறேன். 1951-இல் வெளிவந்த எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' என்ற நூல், தாய்வீட்டைப் பிரிந்து தொலைவில் குடித்தனம் தொடங்கிய எத்தனையோ பெண்களின் பெட்டிக்குள் பயணம் செய்தது. அக்காலத்துக் குறிப்புகள் யாவும் பழைய அளவைகளில் அமைந்தவை. அவற்றைக் கிலோவாக்கும்போது கருத்து வேண்டும். இட்டலிக்கு நாலுக்கு ஒன்று அரிசியும் உளுந்தும் என்பதை அப்படியே எடைக்கு மாற்றினால் பெரிதும் கெடாது. ஏனெனில் அரிசிக் குவியலின் அடர்த்தியும் உளுந்துக் குவியலின் அடர்த்தியும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் ஒன்றுக்கு இரண்டு தண்ணீர் என்ற சோற்றுக் கணக்கை, ஒரு கிலோ அரிசிக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் என்று மாற்றினால் சோறு விறைத்துப்போகும். ஒரு கிலோ அரிசியை 0.85-ஆல் வகுத்தால் 1.18 லிட்டர், அதன் இருமடங்கு 2.35 லிட்டர் தண்ணீர். முந்நூற்றைம்பது மில்லிலிட்டர் எங்கே போயிற்று என்று பிரஷர் குக்கரைக் குறை சொல்வதில் பயனில்லை.

அம்மா கொடுத்தனுப்பிய ஆழாக்கோ, பாட்டி வைத்திருந்த பித்தளைப் படியோ உங்கள் வீட்டில் இருக்குமாயின், அது எந்த ஊர் அளவை என்று தெரிந்துகொள்ள வழி உண்டு. தஞ்சைப் படியும் பட்டணத்துப் படியும் ஒன்றாயிருக்க வேண்டுமென்பதில்லை. சமையலறைத் தராசு ஒன்று போதும். வெறும் படியை முதலில் நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். விளிம்பு வரை நீர் நிரப்பி நிறுத்துப் பாருங்கள். கூடுதலான கிராம் எத்தனையோ, அத்தனை மில்லிலிட்டர் அதன் கொள்ளளவு. துடைத்து உலர்த்திய பின், வழக்கமாய் வாங்கும் அரிசியை அதில் சொரிந்து, தலை வழித்து நிறுங்கள். அரிசியின் எடையை நீரின் எடையால் வகுத்தால் உங்கள் வீட்டு அரிசியின் அடர்த்தி கைக்கு வந்துவிடும். நீர் 1,640 கிராமுக்கு அருகில் நின்றால், அது சென்னை அரசாங்கத்துப் படி. ஆழாக்காயின் 205 கிராம் நீர் கொள்ள வேண்டும். அடுத்த வீட்டுப் பாவையும் ஒரு நாள் இரவல் வாங்கி இவ்வாறே நிறுத்துப் பார்க்கலாம். இரண்டையும் ஒப்பிட்டு, அதன் எண்ணைப் படியின் அடியில் எழுதி ஒட்டி வையுங்கள்.